கேட்காத குறையைச் சொல்ல வேண்டுமா?

பழைய பொருளை விற்பதும் வாங்குவதும், மனிதன் சந்தை கூட்டிய நாள் முதல் நடந்துவரும் காரியமாகும். ஒட்டகமும் குதிரையும் கைமாறிய இடத்தில் இன்று கார் கைமாறுகிறது. ஆனால் ஒட்டகம் விற்கையில் நம் முன்னோர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விகளைக் கார் விற்கையில் நாம் கேட்டுக்கொள்கிறோமா? தொழுகையில் ஒரு ஸஜ்தா விடுபட்டுவிட்டால் என்ன செய்வதென்று ஆலிமைத் தேடி ஓடுகிற நம்மவர்களில் எத்தனை பேர், "என் காரில் ஒரு குறை இருக்கிறது, வாங்க வருபவர் அதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்க அதே ஆலிமிடம் போயிருப்பார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் இங்கே நாம் ஆராயப் போகிறோம். எல்லாப் பழைய பொருளுக்கும் இது பொருந்தும் என்றாலும், இக்காலத்தில் நம் குடும்பங்களுக்குள் புகுந்துவரும் ஒரு குறிப்பிட்ட பொருளை எடுத்துக்கொள்வோம். அது பழைய சொகுசுக் கார்.

ஏன் இந்தக் கார்?

பி.எம்.டபிள்யூ. 3 சீரீஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ், ஆடி ஏ4 போன்றவை சொகுசுக் கார்க் கம்பெனிகளின் ஏணியில் கீழ்ப்படிகள். 3 சீரீஸ் 1975இல் ஜெர்மனியில் பிறந்தது. 2007இல் சென்னைக்கு அருகே அக்கம்பெனி தொழிற்சாலை திறந்த பிறகு, அங்கேயே பூட்டப்பட்டு நம் சாலைகளுக்கு வரத் தொடங்கியது. 2014இல் ஆடி ஏ3, 2015இல் மெர்சிடிஸ் சி.எல்.ஏ. என்று இன்னும் தாழ்ந்த படிகளும் இந்தியாவில் வைக்கப்பட்டன. ஏறத் தயங்குகிறவனையும் ஏற்றிவிடுவதற்காகவே வைக்கப்பட்ட படிகள் இவை.

புதிதாக முப்பது, நாற்பது லட்சம் ரூபாய்க்கு விற்ற இத்தகைய கார், பத்து ஆண்டு ஓடியபின் ஒரு புதிய சிறிய காரின் விலைக்கே வந்து நிற்கிறது. வெளிநாட்டில் உழைத்து நாலு காசு சேர்த்துத் திரும்பிய சகோதரர் அதைப் பார்க்கிறார். "இந்தப் பணத்துக்குச் சின்னக் கார் வாங்குவதா, அந்தப் பெரிய பெயர் பொறித்த காரை வாங்குவதா?" என்று மனம் ஊசலாடுகிறது. மகளின் கல்யாணத்துக்கு முன்பு வாசலில் ஒரு நல்ல கார் நின்றால் நன்றாயிருக்கும் என்று வீட்டிலும் பேச்சு எழுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறங்கியது காரின் விலை மட்டுமே. அதன் செலவு இறங்கவில்லை. அதன் கியர்பாக்ஸும், ஹெட்லைட்டும், எலெக்ட்ரானிக் பெட்டிகளும் நாற்பது லட்ச ரூபாய்க் காரின் விலையிலேயே கிடைக்கும். இவ்வகைக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது; ரன்-ஃப்ளாட் என்னும் விலை உயர்ந்த டயர்கள் உண்டு. 2007 முதல் வந்த பி.எம்.டபிள்யூ.வின் ஒரு நாலு சிலிண்டர் டீசல் என்ஜினில் டைமிங் செயின் முன்புறம் இல்லாமல் கியர்பாக்ஸ் பக்கமாக வைக்கப்பட்டிருந்தது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் வந்த கார்களில் அந்தச் செயின் தேய்வது பல நாடுகளிலும் தெரிந்த குறையாயிற்று. செயின் ஒன்றும் பெரிய விலையில்லை. ஆனால் அதை மாற்ற என்ஜினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்க வேண்டும். அது அறுந்துபோனால் என்ஜினே போயிற்று.

ஆகவே சிறிய காரில் மறைக்கப்பட்ட குறை வாங்கியவருக்கு ஒரு மாதச் சம்பளத்தை நஷ்டமாக்கலாம்; இந்தக் காரில் மறைக்கப்பட்ட குறை ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடலாம். பொருளின் தரம் உயர உயர, மௌனத்தின் குற்றமும் கனத்துப்போகிறது.

வானத்து மழையும் வெள்ளத்துக் காரும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை வாசகர்கள் அறிவார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டதென்று வியாபாரி சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரத் தானியத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவராகமாட்டார் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இது பதிவாகியுள்ளது.

அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. மழை பெய்தது வானம். நனைந்தது அவருடைய முதல். அவர் நஷ்டப்பட்டவர், அனுதாபத்துக்கு உரியவர். அவ்வாறிருந்தும் அவர் கண்டிக்கப்பட்டார். காரணம், ஈரத்தை உள்ளேயும் உலர்ந்ததை மேலேயும் வைத்த கை அவருடையது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோது எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பர் புயல் மழையிலும் அவ்வாறே நேர்ந்தது. வெள்ளத்தில் நின்ற சொகுசுக் காரை உலர்த்தி, சீட்டுகளைக் கழுவி, பாலிஷ் போட்டு நிறுத்தினால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இத்தகைய கார்களில் எலெக்ட்ரானிக் பெட்டிகளும் ஒயர் இணைப்புகளும் தரை விரிப்பின் கீழும், சீட்டுக்கு அடியிலும், டிக்கியிலும் இருக்கின்றன. ஈரம் பட்ட இணைப்பு உடனே பழுதாவதில்லை. உள்ளுக்குள் அரித்து, ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழிந்தபின், ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடும். அதற்குள் கார் கைமாறியிருக்கும்.

"வெள்ளம் வந்தது என் குற்றமா? என்னிடம் விற்றவரும் சொல்லவில்லையே. நானும் ஏமாந்துதானே வாங்கினேன்!" என்று விற்பவர் கேட்கலாம். இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. உண்மையைச் சொன்னால் அவருக்கு மூன்று, நாலு லட்சம் குறையும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெண்ணின் நகை. பையனின் காலேஜ் சம்பளம். இருப்பினும், அவருக்கு வந்த நஷ்டம் அவருக்கு வந்த சோதனை. அதைத் தாங்க உதவி கேட்கலாம். விலை குறைத்து விற்று நஷ்டத்தைப் பகிரங்கமாகப் பங்கிடலாம். தமக்கு விற்றவரிடம் நியாயம் கேட்கலாம். ஆனால் நஷ்டத்தை முழுவதுமாக, சம்மதம் இல்லாத இன்னொருவர் மடியில், அவர் அறியாமல் வைத்துவிட்டுப் போக யாருக்கும் உரிமை இல்லை. நம்மிடம் ஒருவர் செய்த அநீதி, நாம் வேறொருவரிடம் செய்வதற்கு அனுமதிச் சீட்டாகிவிடுமா?

மடியைக் கட்டிய ஒட்டகம்

பாலைக் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, ஒட்டகமோ ஆடோ நிறையக் கறக்கும் என்று தோன்றச் செய்து விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கியவர் விரும்பினால் அந்தப் பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும், கறந்த பாலுக்காக ஒரு ஸாவு பேரீச்சம் பழம் கொடுத்துவிட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள். இதில் விற்பவர் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பொய்யைச் சொன்னது மடி.

இன்று மடி கட்டும் வேலை வேறு விதங்களில் நடக்கிறது. காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் செயின் சத்தம் கேட்கும். எனவே வாங்குபவர் வருமுன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். டாஷ்போர்டில் எரிந்த வார்னிங் லைட்டை, ஸ்கேனர் மாட்டி அன்றைக்கு மட்டும் அழித்துவிடுவார்கள். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரின் மீட்டரை அறுபதாயிரமாக்கிவிடுவார்கள். இவர்கள் அறியாதது ஒன்று உண்டு. இத்தகைய கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. வேறு பெட்டிகளிலும், பி.எம்.டபிள்யூ. போன்றவற்றில் சாவியிலுங்கூடப் பதிவாகிறது. மனிதன் மௌனமாக இருந்தாலும் சாவி சாட்சி சொல்லிவிடுகிறது! உறுப்புகள் சாட்சி சொல்லும் நாளை நம்புகிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

பெரிய கம்பெனியின் பெயரைப் பார்த்து நம்பிவிடலாம் என்பதும் சரியன்று. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி தன் டீசல் கார்களில், புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் கள்ள ஏற்பாட்டைச் செய்திருந்தது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமாயிற்று. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. அக்குழுமத்தின் ஆடி கார்களும் அவற்றில் அடங்கும். சோதனைச் சாலையில் கட்டப்பட்ட மடி அது.

சட்டத்தின் குதிரை

"நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இதில் என்ன குற்றம்?" என்பது அடுத்த வாதம். இதற்கு நாட்டுச் சட்டத்திலேயே ஓர் ஆதாரம் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் தம் குதிரை நோயுள்ளது என்று அறிந்தே அதை ஏலத்தில் விற்கிறார். வாங்குபவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மௌனம் மட்டும் மோசடியாகிவிடாது என்கிறது சட்டம்.

ஆனால் அதே சட்டம் அடுத்த உதாரணத்தில் வேறொன்றைச் சொல்கிறது. குதிரையை வாங்குபவர், விற்பவரின் சொந்த மகள். இப்போதுதான் வயதுக்கு வந்தவள். அப்போது அந்த உறவின் காரணமாகவே, குதிரையின் நோயைச் சொல்வது தகப்பனின் கடமையாகிவிடுகிறது!

இந்த இரண்டு உதாரணங்களுக்கும் இடையேதான் நம் கேள்வியின் விடை கிடக்கிறது. குதிரை ஒன்றே, நோய் ஒன்றே, விலை ஒன்றே. மாறியது உறவு மட்டும். மகளுக்குச் சொல்ல வேண்டியதை அந்நியனுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டம் நின்றுவிடுகிறது. சட்டம் அங்கேதான் நிற்க முடியும். அது மனிதர்களுக்குள் உறவை உண்டாக்க இயலாது. ஆனால் தனக்கு விரும்புவதையே தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் நிறைவடையாது என்ற போதனையை ஏற்றவர்களுக்கு, காரை வாங்க வாசலில் வந்து நிற்பவர் யார்? அவரைச் சகோதரர் என்று அழைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, குறையைச் சொல்லும் நேரத்தில் மட்டும் அந்நியராக்கிவிடலாமா?

இதில் நாம் முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்ற பேதமும் பாராட்டலாகாது. வாங்குபவர் யாராயினும் அவருடைய ஹக்கு ஹக்குதான்.

"உள்ளது உள்ளபடி" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்புத் தீர்ந்ததா? ஹனபி மத்ஹபில், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்பது செல்லும். ஷாபிஈ மத்ஹபில், பிராணிகளின் உள்ளே மறைந்திருந்து, விற்பவருக்கே தெரியாதிருந்த குறைக்கு மட்டுமே இந்த நிபந்தனை பயன்படும். அறிந்து மறைத்த குறையிலிருந்து அது அவரை விடுவிக்காது. வியாபாரம் செல்லுமா, செல்லாதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடு இல்லை.

எது குறை?

அப்படியானால் பத்து ஆண்டுக் காரின் ஒவ்வொரு கீறலையும் பட்டியல் போட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டியதில்லை. பொருளின் மதிப்பைக் குறைப்பதும், அது எந்த நோக்கத்துக்கு வாங்கப்படுகிறதோ அதைக் கெடுப்பதும், அவ்வகைப் பொருளில் சாதாரணமாக இல்லாதிருக்க வேண்டியதுமே குறை என்று ஃபுகஹாக்கள் வரையறுத்துள்ளார்கள். சீட்டின் தோல் சுருங்குவதும், பம்பரில் கீறல் விழுவதும் வயதின் அடையாளங்கள். விபத்தில் சட்டம் வளைந்து நிமிர்த்தப்பட்டது, வெள்ளத்தில் நின்றது, கியர்பாக்ஸ் சூடானால் உதறுவது, என்ஜின் ஆயில் குடிப்பது, மீட்டர் மாற்றப்பட்டது, லோன் பாக்கி இருப்பது ஆகியவை குறைகள். எது சொல்ல வேண்டியது என்று சந்தேகம் வந்தால் எளிய வழி ஒன்று உண்டு: "இதைச் சொன்னால் அவர் விலையைக் குறைப்பாரோ?" என்று மனம் அஞ்சுகிறதா? அஞ்சினால், அதுதான் சொல்லப்பட வேண்டிய குறை.

மௌனம் யாரைக் கெடுக்கிறது?

மறைப்பதால் நஷ்டப்படுபவர் வாங்கியவர் ஒருவரே என்று நினைப்பதும் தவறு. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இது. விற்பவருக்குக் குறை தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்து, நடுத்தர விலைக்கு மேல் கொடுக்க மறுக்கிறார். நல்ல காரை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகிவிடுகிறார். மிஞ்சுவது மோசமான கார்கள். அதனால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. விலை இன்னும் விழுகிறது. முடிவில் சந்தையே கெட்டுவிடுகிறது. இந்த ஆராய்ச்சித் துறையின் பணிக்காக 2001இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும்; மறைத்துப் பொய் பேசினால் பரக்கத் அழிந்துவிடும் என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் கேட்டிருக்கிறோம். பரக்கத் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்று எண்ணுகிறவர்கள் பழைய கார்ச் சந்தையைப் போய்ப் பார்க்கட்டும். ஒருவன் மறைத்த குறைக்காக, மறைக்காத நூறு பேர் விலை குறைத்து விற்கிறார்கள்.

இறைச்சிக்கா, சவாரிக்கா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துக்காட்டும் ஒரு சம்பவம், புரோக்கர்களும் மெக்கானிக்குகளும் மனத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியது. ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகிலிருந்த வாஸிலா இப்னு அல் அஸ்கஃ (ரலி) அவர்கள், வாங்கியவர் போனபின் பின்னால் ஓடி, இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் ஒரு துளையைத் தாம் பார்த்ததாகவும், அது தொடர்ந்து பயணம் செய்யத் தாங்காதென்றும் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பிவர, விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர் என்று அவர் வாஸிலா (ரலி) அவர்களிடம் நொந்துகொண்டார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் உறுதிமொழி கொடுத்தவர்கள் நாங்கள் என்பதே அவர்களின் பதில்.

வாஸிலா (ரலி) விற்பவருமல்லர், வாங்குபவருமல்லர். அவர்களுக்கே இந்தப் பொறுப்பு இருந்தால், வாங்குபவரிடம் கூலி வாங்கிக்கொண்டு காரைச் சோதிக்கும் மெக்கானிக், விற்பவரிடமும் ரகசியமாகக் கமிஷன் வாங்கலாமா?

வாங்குபவரின் கடமை

வாங்குபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இறைச்சிக்கா, சவாரிக்கா என்பதுதான். இந்தக் கார் போவதற்கா, காட்டுவதற்கா? நல்ல பொருளை விரும்புவதை மார்க்கம் தடுக்கவில்லை. நேர்த்தியாகச் செய்யப்பட்ட இயந்திரத்தை ஓட்டி மகிழ்வதும் குற்றமன்று. ஆனால் வாங்கும் விலையோடு, வரப்போகும் பழுதுக்கும் கையில் பணம் இருக்கிறதா? வட்டிக்கு வாங்கித்தான் ஓட்ட வேண்டுமா? கொடுக்க வேண்டிய கடன் காத்திருக்கிறதா? இவற்றுக்கு விடை சரியில்லையென்றால், மலிவாகக் கிடைத்த பெயர் விலை உயர்ந்த வேதனையாகிவிடும்.

வாங்குபவர் குளிர்ந்த என்ஜினைக் கேட்க வேண்டும். சேஸிஸ் நம்பரைக் கொண்டு சர்வீஸ் ரிக்கார்டைப் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, தண்ணீர்க் கறை உண்டா என்று பார்க்க வேண்டும். இது அவநம்பிக்கை ஆகாது. கையிலுள்ள பணத்தின் அமானிதத்தைப் பேணுவதாகும்.

மறைக்கும் பாவம் விற்பவருக்கு மட்டும் உரியதன்று. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களின் ஊழியர் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள் உரிமையாளரிடம் சென்று, அதன் மதிப்பு இதைவிட அதிகம் என்று தாமே விலையை உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். கணவனை இழந்த ஒரு சகோதரி, அவர் ஓட்டிய காரின் மதிப்புத் தெரியாமல் விற்க முன்வரும்போது, "அதிர்ஷ்டம் அடித்தது" என்று கைதட்டிக்கொண்டு வருகிற நாம் இந்தக் குதிரையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று பெயர் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பலர் காரை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயரைப் பழைய உரிமையாளர் தலையிலேயே விட்டுவிடுகிறார்கள். விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளராக நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. விற்றவர் மறைத்தால் வாங்கியவருக்குத் துன்பம். வாங்கியவர் அலட்சியம் செய்தால் விற்றவருக்குத் துன்பம்.

செய்ய வேண்டியது

நம் வீடுகளில் காரை விற்க முடிவு செய்தால், விளம்பரம் செய்யுமுன் ஒரு தாளை எடுத்து, இந்தக் காரைப் பற்றி நமக்குத் தெரிந்த குறைகளை வரிசையாக எழுதுவோம். வாங்க வருபவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், விலை பேசுமுன் அதை அவர் கையில் கொடுப்போம். சிலர் திரும்பிப் போவார்கள். சிலர் விலையைக் குறைப்பார்கள். ஆனால் வாங்கிச் செல்பவர் நாளை ஜும்ஆவில் நமக்குப் பக்கத்து ஸஃப்பில் வந்து நின்றால், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இராது. குறைந்துபோன சில ஆயிரங்களுக்கு இது போதாத விலையா?

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.